கல் எட்டிப் பிடித்த நாள்

பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோள் நோகிறது. இடது தோள் மழைக்கு நோகும், வலது தோள் எப்போதும் நோகும். டென்மார்க்கில் மழை எத்தனை நாள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே இதில் வீரக்கதை எதையும் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் ஊர் இஷொயிலிருந்து இந்த வருடம் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் கேர்லிங் மண்டபத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறீர்கள். போட்டிகளில் ஆடப்போகிறோம் என்றும் சொல்கிறீர்கள். உங்கள் அம்மாமார் என்னைக் கடையில் மறித்து, "அக்கா, நீங்கள் அமெரிக்காவிலயெல்லாம் விளையாடின ஆள், பிள்ளையளுக்கு ஏதும் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இதை அம்மாதான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் வாசிக்கும்போது போனை நோண்டாமல் கேளுங்கள்.

கல்லை எப்படி விடுவது, காலை எங்கே வைப்பது என்பதையெல்லாம் உங்கள் பயிற்சியாளர் சொல்லித் தருவார். நான் அதில் மூக்கை நுழைக்கப் போவதில்லை. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத அப்பாமாருக்காக மட்டும், என் அம்மா தன் சிநேகிதிகளுக்கு விளக்கம் சொன்ன விதத்தைச் சொல்கிறேன். "ஒருத்தி ஐஸில பெரிய கல்லொண்டை வழுக்கி விடுவாளாம். ரண்டு பேர் அதுக்கு முன்னால தும்புத்தடியால கூட்டிக்கொண்டு ஓடுவினமாம். கல்லு அங்கால வட்டத்துக்குள்ள போய் நிண்டால் கெட்டித்தனமாம். இதுக்குத்தான் என்ர மகள் விடிய வெள்ளெண எழும்பிப் போறாள்." இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

கூட்டிக்கொண்டு ஓடுகிற அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். அமெரிக்காவிலும் அதுதான், இங்கேயும் அதுதான். கூட்டினால் கல் நேராகவும் தூரமாகவும் போகும், கூட்டாமல் விட்டால் வளையும். கடைசிக் கல்லை விடுகிறவளைத்தான் தொலைக்காட்சி காட்டும். கூட்டுகிறவளின் முதுகு மட்டும் தெரியும். "தும்புத்தடி பிடிக்கவோ அமெரிக்காவுக்கு வந்தனாங்கள்?" என்று அம்மா கேட்காத மாதம் இல்லை.

நாங்கள் அமெரிக்கா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மின்னசோட்டாவில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அருகில் ஒரு கேர்லிங் மண்டபம் இருந்தது. வெளியே நின்றாலும் குளிர், உள்ளே போனாலும் குளிர். ஆனால் உள்ளே போனால் சூடான சொக்லேட் பால் சும்மா தந்தார்கள். நான் போனது அதற்குத்தான்.

அங்கே பனித்தரையைப் பராமரிக்கிற மனிதர்தான் எங்களுக்கு விளையாட்டும் பழக்கினார். அவருடைய பெயர் வேண்டாம், அவர் அதை விரும்பமாட்டார். அதிகம் கதைக்காத ஆள். ஒரு நாள் வேறு பள்ளிக்கூடத்தோடு ஆடிக்கொண்டிருந்தோம். அவர்கள் விட்ட கல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவழியில் அவர்களுடைய பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தி, "என் தும்புத்தடி கல்லில் முட்டிவிட்டது" என்றாள். ஓடுகிற கல்லைத் தொடக்கூடாது என்பது விதி. தானே அந்தக் கல்லை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். அவர்கள் தோற்றுப்போனார்கள்.

எனக்கு விசர் பிடித்தது. பனிக்காரரிடம் போய், "ஒருத்தரும் காணேல்லையே, ஏன் சொன்னவள்?" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தன் வேலையை விட்டு நிமிரவில்லை. "ஒருத்தரும் காணேல்லை. அதனாலதான் அவள் சொல்லவேணும். வேற ஆருக்குத் தெரியும்?" என்றார்.

நான் எங்கிருந்து வந்தவள் என்பதை யோசியுங்கள், யுத்தம் நடந்த ஊர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே என்று சோதனைச் சாவடிகளில் அப்பா என் கையை நெரித்துப் பழக்கியிருந்தார். அப்படி வளர்ந்தவளுக்கு அந்தப் பிள்ளை செய்தது முழுப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு வேறொன்று மனதில் நின்றது. அவள் சொன்னதும் எல்லாரும் நம்பினார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் வாய்வார்த்தையை மறுபேச்சில்லாமல் நம்புகிற இடத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பாலுக்குப் போனவள் அதற்காக அங்கேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நீட்டப் போவதில்லை. பனிப்புயலில் கார் ஓடினோம், மலிவு விடுதிகளில் நாலு பேர் ஒரு அறையில் படுத்தோம், லீவு தராத முதலாளிகளிடம் வேலையை விட்டோம். இந்த விளையாட்டு சோறு போடாது. உங்கள் அப்பாமார் அந்த விஷயத்தில் சொல்வது சரி. அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆடினேன். அமெரிக்கா என்று முதுகில் எழுதிய சட்டை முதலாவதாக வருகிற அணிக்குத்தான், எங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு படி குறைந்தது. ஒரு முறை இரண்டு படி. பிறகு கல்யாணம். இவருக்கு வேலையும் வீடும் இஷொயில். ஒரு சூட்கேஸில் சேலை, இன்னொன்றில் கேர்லிங் சப்பாத்தும் தும்புத்தடியும். மாமியார் விமான நிலையத்தில் அந்தத் தடியைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இங்கே பிளையஹெமில், அதாவது முதியோர் இல்லத்தில், வேலை கிடைத்தது. காலை முழுக்க ஆட்களைத் தூக்கி, இருத்தி, குளிக்க வார்த்துவிட்டு, பின்னேரம் எஸ்-ரயில் பிடித்து மண்டபத்துக்குப் போவேன். மகள் பிறந்து, வளர்ந்து, என் சப்பாத்தைப் பார்த்து "பின்லிட்!" என்று சொல்லும் வயதுக்கும் வந்துவிட்டாள். வெட்கக்கேடு என்பதற்கு டேனிஷ்காரர் வைத்திருக்கும் சொல் அது. உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும், நீங்கள்தானே சொல்கிறவர்கள்.

எங்கள் அணியில் நாலு பேர். கப்டன், என்னைவிட வயதில் மூத்தவர், பள்ளிக்கூட ஆசிரியை, தொண்டை பெரிது. கரின், என்னோடு கூட்டுகிறவள், லொறி ஓட்டுகிறவள், மனதும் கையும் பெரிது. நான். வட்டத்தில் நிற்கிற நாலாவது ஆள் இந்தக் கதையில் அதிகம் வரமாட்டாள், அவள் சுபாவமே அப்படித்தான். அவர்கள் டேனிஷில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். டேனிஷில் "நீங்கள்" என்று யாரும் யாரையும் சொல்வதில்லை, எல்லாரும் "நீ"தான். ஆகவே மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

அந்த அணியில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். என்னை யாரும் திட்டுவதில்லை.

கரின் ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் கப்டன் கத்துவார். நாலாவது ஆள் வட்டத்தில் நின்று கனவு கண்டால் கூரை அதிரும். நான் பிந்தி வந்தால், "பரவாயில்லை, நீ வேலையால வந்திருப்பாய்." நான் கல்லைப் பிழையாக விட்டால், "பரவாயில்லை, நீ களைச்சிருப்பாய்." ஒரு முறை அமெரிக்கப் பழக்கத்தில், எட்டுச் சுற்றோடு ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். அது பத்துச் சுற்று ஆட்டம். கரின் அப்படிச் செய்திருந்தால் கப்டன் அவளை உரித்திருப்பார். எனக்கு வந்து லேஸ் கட்ட உதவி செய்தார்! நல்ல மனிதர்கள், பிள்ளைகளே, தங்கமான மனிதர்கள். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைத்தான் திட்டமாட்டார்கள். வருடங்கள் போய்க்கொண்டிருந்தன, நான் விருந்தாளியாகவே இருந்தேன்.

அந்த வருடம் இறுதிப் போட்டி ஓல்போர்க்கில். வென்ற அணி வெளிநாட்டில் டென்மார்க்குக்காக ஆடும். எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, யாரும் கேட்டால் நாற்பது என்பேன். இரண்டு நாடுகளில் தும்புத்தடி பிடித்தும், ஒரு நாட்டின் பெயர் எழுதிய சட்டை என் முதுகில் ஏறவில்லை. இதுதான் கடைசி என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டை எனக்கு வேண்டும். அதை எவருக்கும் சொல்லவில்லை, இவருக்குக் கூட.

கப்டனுடைய காரில் நாலு பேரும் போனோம். போகிற வழியில் கோல்டிங்கில் இவரின் அக்கா வீடு, எனக்கு மச்சாள். அவரைத் தாண்டிப் போனால் குடும்பத்தில் பெரிய பிரச்சினை வரும் என்பதால் இறங்கினோம். மச்சாள் மூன்று டேனிஷ் பெண்களையும் இருத்தி மீன் ரோல்ஸ் கொடுத்தார். உறைப்பில் கப்டனுடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, ஆனாலும் நிறுத்தவில்லை. வாசல் வரை வந்து மச்சாள் சொன்னார், "வெண்டுகொண்டு வாங்கோ. திரும்பி வரேக்கை கொத்து ரொட்டி போட்டு வைக்கிறன்."

இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணித் தலைவி இளம்பெண், உயரமானவள், அவசரப்படாதவள். கடைசிச் சுற்றின் கடைசிக் கல் எங்களுடையது. அது வட்டத்தின் நடுவுக்குள் போய் நின்றால் வெற்றி எங்களுக்கு. நிற்காமல் போனால் அவர்களுக்கு. இவ்வளவுதான், இதில் விளங்கப்படுத்த ஒன்றுமில்லை.

கப்டன் கல்லை விட்டார். கொஞ்சம் வேகம் கூடிவிட்டது என்பதை நான் முதல் நொடியே உணர்ந்தேன். ஆனால் வழியில் அவர்களுடைய கல்லொன்று குறுக்கே கிடந்தது. கூட்டாவிட்டால் எங்கள் கல் வளைந்து அதில் முட்டும். கூட்டினால் இன்னும் வேகம். "ஃபாய்! ஃபாய்!" என்று கப்டன் பின்னாலிருந்து கத்தினார், கூட்டு கூட்டு என்று. கல்லுக்குப் பக்கத்தில் நான், எனக்கு முன்னால் கரின். குனிந்து, முழுப் பாரத்தையும் தடியில் கொடுத்து, கூட்டிக்கொண்டே ஓடினோம். குறுக்கே கிடந்த கல்லைத் தாண்டிவிட்டோம். ஆட்கள் கத்தினார்கள்.

அப்போது என் கால் வரவில்லை. வழுக்கவில்லை, இடறவில்லை. ஓடு என்றேன், அது நான் சொன்ன வேகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். பின்னால் வந்த கல் என் தடியில் முட்டியது. கையில் தெரிந்தது. முட்டியது மட்டுமல்ல, ஒரு கணம் தடியோடு இழுபட்டது. பிறகு நான் தடியை எடுத்துவிட்டேன். கல் மெதுவாகி, வட்டத்தின் நடுவுக்குள் போய் அழகாக நின்றது.

நின்றது ஏன் என்று எனக்குத் தெரியும். என் தடி பிடித்திராவிட்டால் அது வட்டத்தைத் தாண்டி வெளியே போயிருக்கும்.

கரின் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளும் கண்டுவிட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்கிறேன், வாயைத் திறக்கவில்லை, அதற்குள் கரின் கையை உயர்த்தினாள்.

"என்ர தடி. நுனி மட்டும்தான் பட்டது" என்றாள்.

எதிரணித் தலைவி வந்து கல்லைப் பார்த்தாள். வட்டத்துக்குக் கிட்ட வந்த கல்லைத் தொட்டால் என்ன செய்வதென்று முடிவெடுப்பது எதிரணியின் உரிமை. கல்லை எடுக்கலாம், பாதிப்பில்லை என்று நினைத்தால் விட்டுவிடலாம். "கல்லின்ர போக்கு மாறினதோ?" என்று கேட்டாள். "இல்லை" என்றாள் கரின். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "சரி, அப்ப இருக்கட்டும்."

வென்றுவிட்டோம். சட்டை எனக்குத்தான்.

கரின் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. அவளை மண்டபத்தில் எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் தொட்டால் அது ஒரு தவறு, நாளைக்கு மறந்துவிடுவார்கள். நான் தொட்டால், இந்த வயதில் இவளை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தப் பேச்சிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

உண்மைக்காக நான் வாயைத் திறந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியில்லை. எனக்குக் கோபம் வந்தது. என் வாய்க்கு மதிப்பு இருந்த ஒரேயொரு இடம் இந்தப் பனித்தரை. வேலையிடத்தில் எனக்காக மேலாளர் கதைப்பார், பள்ளிக்கூடத்தில் எனக்காக மகள் கதைப்பாள், சொந்தக்காரர் நடுவில் எனக்காக இவர் கதைப்பார். இங்கேயும் எனக்குப் பதிலாக இன்னொருத்தி கதைக்கிறாளே!

"இல்லை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. "என்ர தடி. நுனி இல்லை, முழுசாப் பட்டது. கல்லு இழுபட்டது. விட்டிருந்தால் வெளியில போயிருக்கும்."

எதிரணித் தலைவி கரினைப் பார்த்தாள். கரின் நிலத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்தாள், வேறொன்றும் கேட்கவில்லை. காலால் எங்கள் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

இந்த விளையாட்டில் முடிவுக்கு மணி அடிப்பதில்லை, தோற்றவர் கையை நீட்டினால் ஆட்டம் முடிந்தது. எங்கள் கப்டன் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். முகத்தில் ஒன்றுமே இல்லை. முப்பது வருடமாக ஆடுகிற மனிதர் அவர், அவருக்கும் அந்தச் சட்டை கிடைத்ததில்லை. என் கோபத்தில் நான் அதை யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வென்றவர்கள் தோற்றவர்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்பதும் இந்த விளையாட்டின் வழக்கம். இருந்தோம். அந்த உயரமான பெண் எனக்குத் தேநீர் வாங்கி வந்து வைத்தாள். ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பிளாஸ்டிக் கதிரைகளின் விலையைப் பற்றிக் கூடக் கதைத்தார்கள்.

காரில் திரும்பினோம். அரைவாசித் தூரம் போன பிறகு கரின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் உனக்காகத்தான் சொன்னனான். நீ என்னை எல்லாருக்கும் முன்னால பொய்காரி ஆக்கிப்போட்டாய். அது தெரியுமோ உனக்கு?"

தெரியாது. அதையும் நான் யோசிக்கவில்லை. ஆனாலும் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அந்த "ஓம்" அவளுக்கு விளங்கியிருக்காது, தமிழில் சொல்லிவிட்டேன். ஓடுகிற கல்லுக்கு முன்னால் எடுக்கிற முடிவு சரியாக இருந்தாலும் நாலு பேரை நோகடிக்கும் என்பதை எந்தப் பயிற்சியாளரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன். அந்தக் கார்ப் பயணம் எனக்கு முழுப் போட்டியையும் விடக் களைப்பாக இருந்தது.

கோல்டிங்கில் நிற்காமல் போய்விடலாம் என்று பார்த்தேன். கப்டன் விடவில்லை, "சாப்பாடு செய்து வைக்கிறன் எண்டு சொன்னவ" என்றார். கதவைத் திறந்த மச்சாளின் கையில் அகப்பை. வீடு முழுக்கக் கொத்து ரொட்டி வாசம்.

"வெண்டதோ?"

"தோத்திட்டம் மச்சாள். என்னால."

"சீ, அப்பிடிச் சொல்லாதை" என்று என்னை உள்ளே இழுத்து, எல்லாரையும் குசினி மேசையில் இருத்தி, சாப்பாட்டுக் கோப்பை நிறையக் கொத்துப் போட்டார். பிறகு மற்ற மூவரையும் பார்த்துத் தன்னுடைய டேனிஷில் எனக்காகப் பரிந்து பேசத் தொடங்கினார். அவள் பாவம், விடியத் தொடங்கி வேலை, வயதுபோன ஆட்களைத் தூக்குகிறவள், வீட்டிலும் எல்லாம் அவள்தான், களைப்பு, அதுதான், குறை நினைக்காதீர்கள். எனக்கு அந்த மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது. என் சொந்த மனிதருமா!

கப்டன் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மச்சாள் அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "இல்லை" என்றார். "களைப்பு இல்லை. நான் ரண்டு வருசமா அப்பிடித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு இருந்தனான்." பிறகு மச்சாளை விட்டு என் பக்கம் திரும்பினார். வகுப்பில் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்கிற குரல். கரினுக்கு விழுகிற அதே குரல். "நீ மெதுவாகிட்டாய். கல்லைத் தொட்டது பிரச்சினை இல்லை, ஆரும் தொடுவினம். கல்லு உன்னை எட்டிப் பிடிச்சிட்டுது. அதுதான் பிரச்சினை. கால் ஏலாட்டில் வந்து சொல்லியிருக்கவேணும், நீ சொல்லேல்லை. தடி பட்டதைச் சொல்லத் தெரிஞ்ச உனக்கு அதைச் சொல்லத் தெரியேல்லையோ? அடுத்த வருசம் உன்னை அணியில எடுக்க மாட்டன்."

கரின் தன் கோப்பையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். "நானும் கண்டனான். போன வருசமே கண்டனான். ஒருத்தரும் சொல்லேல்லை."

மச்சாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அகப்பை அந்தரத்தில் நின்றது. டேனிஷ் பறந்துபோய்த் தமிழ் வந்தது. "எடியே, என்ர வீட்டில இருந்து என்ர கொத்தைச் சாப்பிட்டுக்கொண்டு உன்னை வேண்டாமாம் எண்டு சொல்லுறாள்! சாப்பிட்ட கை காயேல்லை! என்ன கண்டறியாத கதை இது? நீ என்னடி வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்? எழும்பிப் போகச் சொல்லு!"

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. சட்டை போன கவலையில் வந்தது, கால் போன கவலையில் வந்தது. அந்த அழுகைக்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னைத் திட்டிய முதல் நாள் அது. என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கான பதிலை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் குசினியில் நான் விருந்தாளி இல்லை.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் அவ்வளவுதான், பிள்ளைகளே. உங்களை அணியில் எடுப்பார்கள், விடுவார்கள், அது கல்லையும் காலையும் பொறுத்த விஷயம். ஆனால் உங்கள் தடி பட்டால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களில் அன்புள்ளவர்கள் உங்களுக்காகக் கையை உயர்த்த வருவார்கள். நன்றி சொல்லிக் கையை இறக்கச் சொல்லுங்கள். முடிந்தால் என்னைவிட மெதுவான குரலில் சொல்லுங்கள், கரின் என்னோடு பழையபடி கதைக்க அந்தக் குளிர்காலம் முழுக்க எடுத்தது.

குசினிக்குத் திரும்புகிறேன். மச்சாள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். மூன்று டேனிஷ் பெண்களும் ஒன்றும் விளங்காமல் அகப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேசைக்குக் குறுக்கே கப்டனிடம் கையை நீட்டினேன். கொத்து ஒட்டிய எண்ணெய்க் கை. அவர் அதைப் பார்த்தார். தன் கையையும் துடைக்காமல் பிடித்து, நன்றாக ஒரு முறை குலுக்கினார். கண்ணில் தண்ணீர். உறைப்பால்தான் என்று பிறகு சொன்னார்.

மச்சாள் கத்துவதை நிறுத்தினார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப என்ன இது, சண்டையோ சமாதானமோ?"

"ஆட்டம் முடிஞ்சுது மச்சாள்" என்றேன்.

மச்சாள் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு, கப்டன் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் என்னிடம் சொன்னார், "அவவுக்கு இன்னும் கொஞ்சம் போடட்டோ எண்டு கேள்."